சேவூர் வண்டிக்குள் ஒரு துணி

1

இந்தக் கதை மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் யாராவது கேட்கும்போது, மாதக்கணக்கில் அலைந்து திரிந்து எழுதினேன் என்று அளந்துவிடுகிற ஆசை எனக்கும் வரும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது வெளிநாட்டுக்காரனிடம் "அனுப்பியாயிற்று" என்றும், இங்கே இருப்பவர்களிடம் "இன்னும் அனுப்பவில்லையா" என்றும் சொல்லி இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. ஒரு வேலையாக மண்ணரைக்குப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு தகரக் கொட்டகைக்குள் ஓடினேன். முன்பு பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனியாக இருந்த இடம். இப்போது உள்ளே மினி டிராக்டர்கள் கிடந்தன. தென்னந்தோப்பிலும் சின்னத் தோட்டங்களிலும் உழுவதற்கு வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன வண்டிகள். எல்லாமே செத்தவை. ஒன்றுக்குச் சக்கரம் இல்லை. ஒன்றுக்கு முன்பக்கமே இல்லை. ஒன்று நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கழற்றிப் போட்ட பாகங்களில் இருந்த ஓட்டைகளையெல்லாம் பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தார்கள். ஒன்றில் மஞ்சள், ஒன்றில் ஊதா. ஒன்றிலிருந்து எந்த நாட்டுக் குழந்தைக்கோ அச்சடித்த பாதி முயல் எட்டிப் பார்த்தது.

தரையில் உட்கார்ந்து ஒரு பெண் போல்ட் கழற்றிக்கொண்டிருந்தாள். சும்மா நிற்க முடியாத வாய் எனக்கு.

"இதெல்லாம் எதுக்குங்க அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"தூசி போகக்கூடாதுல்லண்ணே. பல்லி, கரப்பான் போயி உக்காந்துக்கிரும்."

"எடுக்க மறந்துட்டா என்னங்க ஆகும்?"

ஸ்பேனர் நின்றது. அவள் பதில் சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கொட்டகையின் மூலையில் ஒரு வண்டி நின்று கிளம்பிப் போன எண்ணெய்த் தடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மழை விட்டதும் நான் கிளம்பிவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. நதியா என்பது நான் வைத்த பெயர்.

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாடு தனி. முதலில் இப்படி எழுதினேன்:

*மழை நனைத்த மாலையில் துருவின் மணம் மண்ணரை வீதியெங்கும்*

மண்ணரை வீதியில் சாக்கடை மணக்கும், ஸ்டீம் அயர்ன் மணக்கும், பரோட்டாக் கல் மணக்கும். துரு மணந்து நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன். அடுத்தது:

*இரும்புக்கும் உயிர் உண்டு என்பது ஜெயபாண்டியின்*

ஜெயபாண்டி என்பவன் நதியாவின் கணவன். இரும்புக்கு உயிர் உண்டா என்று அவனிடம் கேட்டால் "பதினேழு நம்பர் ஸ்பேனர் எங்க" என்று திருப்பிக் கேட்பான். அப்படிப்பட்டவன் வாயில் தத்துவத்தைத் திணிப்பது பாவம். அதையும் விட்டேன். பாதியில் நிற்கிற வாக்கியங்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன். இவர்கள் தொழிலில் எதையும் தூக்கி எறிவதில்லை, அந்த மரியாதைக்காக.

கதையை முதலில் ஜெயபாண்டியை வைத்துத்தான் எழுதினேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன். நிட்டிங் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மிஷின் படுத்துவிட்டால் அதைச் சரி செய்வதற்குள் அதன் ஊசியையும் ஊசியை ஏற்றி இறக்குகிற கேமையும் பிடுங்கி மற்ற மிஷின்களை ஓட்டிவிடுவார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். அந்த வித்தையைத்தான் ஜெயபாண்டி டிராக்டருக்குக் கொண்டுவந்தான். செத்த வண்டி இரண்டு கொடுத்தால் உயிருள்ள வண்டி ஒன்று தருவான். கம்பெனி மூடியபோது அதே கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். நதியா கழற்றுவாள், அவன் சேர்ப்பான்.

நல்ல ஆள்தான். ஆனால் அவனை நடுவில் வைத்து எழுதிய பக்கங்களெல்லாம் தூங்கிவிட்டன. காரணம், ஜெயபாண்டி படுத்தால் தூங்குகிறவன். எனக்கு வேண்டியது தூக்கம் வராத ஆள். ஆகவே பேனாவை நதியா பக்கம் திருப்பினேன். திருப்பியதிலிருந்து எனக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

3

இனிக் கதை.

சேவூர் ஆறுச்சாமியின் மினி டிராக்டர் என்ஜின் இறுகிப்போய் வேப்பமரத்தடியில் நின்றது. சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அவருடைய பங்காளிகளெல்லாம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பனியன் கம்பெனி வைத்துவிட்டார்கள். அவரும் அவர் மனைவி ரங்காத்தாளும் மட்டும் இன்னும் உழுகிறார்கள். வாடகை டிராக்டருக்குக் காத்திருந்தால் மழை ஈரம் காய்ந்துவிடும். டிராக்டர் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் "பழைய இரும்புக்குப் போட்ருங்க" என்றார்கள். யாரோ சொல்லி மண்ணரைக்கு வந்தார். நதியா கையில் கிரீஸோடு நின்றதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "செரி, பாருங்க அம்மிணி" என்று வண்டியை விட்டுப் போனார்.

சோமனூரில் ஒரு விசைத்தறிக்காரரின் தோப்பில் அதே மாதிரி வண்டி ஒன்று கியர் பெட்டி உடைந்து கிடந்தது. என்ஜின் நன்றாக இருந்தது. அதை வாங்கி வந்தார்கள். நதியா அதை இரண்டாகப் பிரித்தாள். முன்பாதியில் என்ஜினும் அதற்குப் பின்னால் கிளட்ச் இருக்கிற இரும்புக் கூடும் இருந்தன. அந்தக் கூட்டின் பக்கவாட்டில் இரண்டு விரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை உண்டு. கிளட்சை மிதிக்கும்போது அசைகிற கம்பி அதன் வழியாகத்தான் உள்ளே போகும். அந்த ஓட்டையை நதியா பனியன் துணியால் அடைத்தாள்.

பிறகு வண்டியைச் சேர்க்கிற நாள் வந்தது. சோமனூரின் முன்பாதி, சேவூரின் பின்பாதி. பகல் வேளை. பக்கத்துக் கம்பெனியில் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டே கத்தியது. ஜெயபாண்டி கிளட்ச் கம்பியைக் கையில் எடுத்தான்.

"துணிய எடுத்துட்டியா?"

"ஆச்சு" என்றாள் நதியா. அவள் கை அந்த நேரம் வேறொரு போல்டில் இருந்தது. குனிந்து அந்தத் துணியை

[இந்த இடத்தில் எங்கள் வீட்டு வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. போய் வாங்கி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்து, சில்லறை இல்லையென்று சிலிண்டர்க்காரரோடு பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அடுத்த வாக்கியத்திலிருந்து எழுதினேன்.]

கம்பி உள்ளே போனது. இரண்டு பாதியும் ஒன்றாயின. சாயங்காலம் வண்டி புகைவிட்டு உறுமியது. ஜெயபாண்டி சிரித்தான். மறுநாள் டெம்போவில் ஏற்றி, நதியாவும் கூடப் போய், சேவூரில் இறக்கிவிட்டு வந்தாள்.

4

அந்த "ஆச்சு" பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நதியா முன்பு ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் பிரிவில் இருந்தவள். மேஜை முன்னால் நின்றபடி பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. சூப்பர்வைசர் லைன் முழுக்க நடந்துகொண்டே "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டு போவார். "ஆச்சு" என்று சொல்லாமல் நிமிர்ந்து பார்த்தால்தான் திட்டு. அதனால் எல்லோரும் கேள்வி முடியும் முன்பே "ஆச்சு" என்பார்கள். பொய் அல்ல. ஆகிக்கொண்டிருக்கிறது, ஆகிவிடும், போ என்று அர்த்தம். திருப்பூரில் ஷிப்மென்ட்கள் இந்தச் சொல்லின் மேல்தான் ஓடுகின்றன. நானே ஒரு நாளைக்கு எத்தனை மெயிலில் அதை எழுதுகிறேன் தெரியுமா. எழுதிவிட்டுத்தான் ஓடிப்போய்ச் செய்வேன்.

பனியனில் இது பெரிய குற்றமில்லை. ஒரு பட்டன் குறைந்தால் ஒரு பட்டன். டிராக்டருக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுபோனதுதான் பிசகு. வேறு ஊர் மெக்கானிக் ஓட்டையைக் காகிதத்தால் அடைத்திருப்பான், அல்லது அடைக்காமலே விட்டிருப்பான். தடுக்கி விழுந்தால் வேஸ்ட் துணி மேல் விழுகிற ஊர் இது. கேட்ட உடனே "ஆச்சு" வருகிற வாயும் இந்த ஊருடையது. இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டுக்குள் போய்விட்டனவோ என்பதுதான் விஷயம்.

5

வண்டி போய்ச் சில நாள் கழித்து, தண்ணீர்க் குழாயடியில் குடத்தை நிமிர்த்தும்போது நதியாவுக்கு அந்த நினைப்பு வந்தது. எந்த முன்னறிவிப்பும் இல்லை. குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்றவள் தோளைத் தட்டினாள்.

ஓட்டையில் துணி வைத்தது நன்றாக நினைவிருந்தது. கம்பி உள்ளே போனதும் நினைவிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் லாரி கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

கொட்டகைக்கு ஓடி வேஸ்ட் மூட்டையைக் கவிழ்த்தாள். எண்ணெய் பட்ட துணி மலைபோல் விழுந்தது. எந்தத் துணி எந்த ஓட்டையில் இருந்தது என்று யார் சொல்வது? ஒரே லாட்டில் வந்தவை. பாதி முயல் மட்டுமே பத்துப் பதினைந்து கிடந்தது. அத்தனையையும் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

"என்ன தேடுற?" என்றான் ஜெயபாண்டி.

"மாமா, சேவூர் வண்டில அந்தக் கம்பி ஓட்டைத் துணிய எடுத்தேனா?"

"நீதான ஆச்சுன்ன."

"சொன்னேன். செஞ்சேனான்னு தெரியல."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"எடுக்கலைன்னா என்ன ஆகும்? மறைக்காமச் சொல்லு."

"கம்பி தள்ளி உள்ள விழுந்திருக்கும். ஓரமாக் கெடக்கும். கெடந்தா ஒண்ணும் இல்ல."

"சுத்துச்சுன்னா?"

"சுத்துனா, மிதிச்சாலும் கிளட்ச் விடாது. வண்டி போய்க்கிட்டே இருக்கும். இன்னைக்குச் சுத்தலாம். அடுத்த வெள்ளாமைக்குச் சுத்தலாம். சுத்தாமயே போகலாம்."

"பிரேக்கு இருக்குல்ல?"

ஜெயபாண்டி கீழே கிடந்த துணிகளை மூட்டைக்குள் தள்ளினான். "அது பழசு. மாத்திருவோம்னு சொன்னேன். அடுத்த மொறை பாக்கலாமுங்கன்னுட்டாரு."

நதியாவுக்கு அப்போது கிணறு ஞாபகம் வந்தது. வண்டியை இறக்கப் போனபோது பார்த்தாள். ஆறுச்சாமியின் தோட்டத்து நடுவில் சதுரமாக வெட்டிய கிணறு. எட்டிப் பார்த்தால் கண் இருட்டுகிற ஆழம். சுற்றுச்சுவர் கிடையாது. அதன் விளிம்பு வரை உழுத தடம் இருந்தது. ஆறுச்சாமி ஒரு சால் மண்ணைக்கூட வீணாக விடுகிறவர் அல்ல.

[எங்கள் வீட்டில் இதுவரை எழுதியதை இந்துமதி படித்தாள். இந்துமதி என் மனைவி. "ஏனுங்க, அந்தக் கெணத்துக்கு ஒரு செவுரு கட்டிருங்களே. எழுதறதுக்கு என்ன செங்கல்லா வேணும்?" என்றாள். நியாயம்தான். "அந்தக் கிணற்றுக்கு இடுப்பளவு சுற்றுச்சுவர் உண்டு" என்று எழுதிப் பார்த்தேன். சேவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் படித்தால்கூடச் சிரிப்பார். சுவர் இருந்தால் நதியாவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்துவிடுவாள். அழித்துவிட்டேன்.]

6

வெளியே இருந்து பார்க்க வழி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நதியாவும் கேட்டாள். இல்லை. இரண்டு விரல் ஓட்டையில் கம்பிதான் தெரியும். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் வண்டியை மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதாவது உழவு நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை, சொந்தக்காரர் கண் முன்னால்.

"போயிச் சொல்லிருவோம்" என்றாள்.

"என்னன்னு சொல்லுவ? துணிய மறந்துட்டேன்னா?"

"மறந்தேனோ என்னமோன்னு."

"அது அதைவிட மோசம். இங்க பாரு, அவரு ஒறம்பரையில ரெண்டு பேரு நம்மகிட்ட வேலைக்கு வண்டி விடுறேன்னிருக்காக. ஏற்கெனவே பொம்பள கை வச்ச வண்டின்னு பேசுறானுக. வேலில போற ஓணான எடுத்து மடில விடாத. ரெண்டு பேரும் மறுபடி கம்பெனி வாசல்ல போயி நிக்கணுமா?"

அவன் சொன்னதிலும் தப்பில்லை. நதியா போனைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க எதையும் கழற்றவில்லை. மறுநாள் கூப்பிட்டாள். ஆறுச்சாமியே எடுத்தார்.

"அம்மிணி, உங்களுக்கு நூறு ஆயுசு. இப்பத்தான் பேசிட்டு இருந்தேன். வண்டி நெம்ப நல்லா ஓடுதுங்க. நேத்துப் பேஞ்ச மழைக்கு ஈரம் நல்லா எறங்கிருக்குது. கடலை போடறதுக்குத்தான் உழுதுட்டு இருக்கறேன்."

"அய்யா, எந்தப் பக்கம் உழுகுறீங்க?"

"மேக்கால ஆச்சுங்க. இனிக் கெணத்து மேடுதான் பாக்கி. ஏனுங்க, கேட்டீங்க?"

எவ்வளவோ வாக்கியம் யோசித்து வைத்திருந்தாள். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் ஒன்றுகூட வரவில்லை.

"சும்மாதான்ய்யா. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறோம்."

"தாராளமா வாங்க கண்ணு. சாப்பாட்டுக்கே வாங்க."

7

இந்த இடத்தில் கதையை எப்படி வேண்டுமானாலும் முடிக்கலாம். முடித்தும் பார்த்தேன்.

ஒரு முடிவு: அவர்கள் பஸ் ஏறிப் போவதற்குள் ஆறுச்சாமி கிணற்று மேட்டுக்கு வந்துவிடுகிறார். திருப்பத்தில் கிளட்சை மிதிக்கிறார். வண்டி *அவர் காலுக்கு*

இதற்கு மேல் எழுதவில்லை. அவர் அவளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவரைக் கொல்ல என்னால் ஆகாது.

இன்னொரு முடிவு: நதியா சொல்லவே இல்லை. வண்டி ஓடுகிறது, வருஷம் போகிறது. ஒவ்வொரு மழைக்கும் அவள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இது உண்மைக்கு நெருக்கமானது என்று எனக்குப் படுகிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.

மூன்றாவது: ஜெயபாண்டி வந்து, "நான்தான் கம்பி போடும் முன்னாடி துணிய எடுத்தேன், மறந்தே போச்சு" என்கிறான். இருவரும் சிரிக்கிறார்கள். இந்துமதிக்கு இது பிடித்திருந்தது. ஆனால் மனைவியைச் சமாதானப்படுத்த ஒருவன் சொல்கிற வார்த்தைக்கும் நிஜத்துக்கும் நதியாவால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எனக்கும் முடியவில்லை.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். மேலே போய் மூன்றாம் பகுதியைப் படித்தேன். எழுதியவனுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? "குனிந்து அந்தத் துணியை" என்பதோடு வாக்கியம் நிற்கிறது. எடுத்தாள் என்று எழுத நினைத்தேனா, பார்த்தாள் என்றா, மறந்தாள் என்றா? சத்தியமாக எனக்கு நினைவில்லை. சிலிண்டர்க்காரரின் முகம் நினைவிருக்கிறது. வேண்டுமானால் நீங்களும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இருக்கிறேன்.

[இடையில் ஒரு நாள் மண்ணரை வழியாகப் போனேன். அந்தக் கொட்டகையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வண்டியை மெதுவாக்கினேன், நிறுத்தவில்லை. உள்ளே போய், "அம்மிணி, அன்னைக்கு நான் கேட்டதுக்கு ஏன் பதில் சொல்லல?" என்று கேட்கிற தைரியம் வரவில்லை.]

8

ஆகவே அவர்களைச் சேவூருக்கு அனுப்புகிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போன் பேசிய அன்றே ஜெயபாண்டி ஜாக்கியையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டான். "சும்மா பாத்துட்டு வந்துருவோம். நீ வாயத் தொறக்காத. பிரேக்க மட்டும் டைட் பண்ணி விடுறேன்" என்றான். பஸ்ஸில் வழி நெடுக நதியா ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

தோட்டத்தில் கூட்டம் இருந்தது. உயிர்த்தெழுந்த வண்டியைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்திருந்தார்கள். வண்டி விடுவதாகச் சொன்ன உறவுக்காரர்களும் அங்கே இருந்தார்கள். ரங்காத்தாள் விதைக் கடலையைக் கூடையில் வைத்துக்கொண்டு, உழுது முடிப்பதற்காகக் காத்திருந்தார். கிணற்று மேட்டில் பாதி உழுதாகிவிட்டது. மீதி இருந்தது விளிம்புப் பக்கம்தான். ஆறுச்சாமி வண்டியை நிறுத்தாமலே கையை ஆட்டினார்.

நதியா நேராக உழுத மண்ணில் இறங்கி நடந்து வண்டியின் முன்னால் போய் நின்றாள். அவர் கிளட்சை மிதித்தார். வண்டி நின்றது.

"என்னங்க அம்மிணி, குறுக்க வந்துட்டீங்க?"

"அய்யா, எறங்குங்க. வண்டியப் பிரிக்கணும்."

"ஓடற வண்டியவா?"

சொன்னாள். ஓட்டையை, துணியை, அது உள்ளே சுற்றினால் என்ன ஆகும் என்பதை. எடுத்தேனா இல்லையா என்று தெரியவில்லை என்றாள். ஜெயபாண்டி பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உறவுக்காரர்களில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார்.

ஆறுச்சாமி யோசித்தார். பிறகு சிரித்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இத்தனை நாளா ஓடிட்டு இருக்குதுங்க. இப்பப் பிரிச்சுப் போட்டா ஈரம் போயிருமுங்க, கடலை போட முடியாது. நீங்க செஞ்சா செரியாத்தான் இருக்கும் அம்மிணி. எனக்கு நம்பிக்கை இருக்குது."

"எனக்கு இல்லங்கய்யா" என்றாள் நதியா.

என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமி தன் காலடியில் இருந்த மிதிகட்டையைப் பார்த்தார். அப்புறம் கிணற்றைப் பார்த்தார். அவர் அதை அப்படிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். ரங்காத்தாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எறங்குங்க" என்றார்.

அவர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"நல்லாருக்கற வண்டியப் பிரிக்கறாங்களாமா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். உறவுக்காரர் இருவரும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள். ஜெயபாண்டி பலகை போட்டு ஜாக்கியை வைத்தான். முதல் போல்டை அவன்தான் கழற்றினான். வெயில் ஏறியது. உழுத மண் மேலாக வெளுத்துக்கொண்டு வருவதை எல்லோரும் பார்த்தார்கள். ரங்காத்தாள் அடிக்கடி குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி போல்டும் வந்தது. ஜெயபாண்டி நெம்பினான். இரண்டு பாதிக்கும் நடுவில் நாலு விரல் அளவு இடைவெளி விழுந்தது.

"இரு, முழுசாப் பிரிச்சுக்கிறேன்" என்றான்.

அவள் இருக்கவில்லை. கையை உள்ளே விட்டாள்.

9

இங்கே நிறுத்திவிட்டேன். கை உள்ளே இருக்கிறது.

துணி இருந்தால், ஒரு மனிதரைக் கிணற்று விளிம்பு வரை அனுப்பி வைத்தவள் அவள். அது அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். இனி யாரும் வண்டி விடமாட்டார்கள். துணி இல்லாவிட்டால், ஒன்றுமே இல்லாததற்கு ஒரு வெள்ளாமையின் ஈரத்தை வெயிலில் காயவிட்ட பைத்தியக்காரி. அப்போதும் யாரும் வண்டி விடமாட்டார்கள். இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், இல்லாமல் இருப்பதே நல்லது என்பேன். யாருக்கும் ஆபத்து இல்லையே. நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள்.

நதியாவும் பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அப்படித்தான் வேண்டிக்கொண்டு வந்தாள். இருக்கக் கூடாது சாமி, இருக்கவே கூடாது. ஆனால் கையை உள்ளே விட்டு, பின்னால் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திய அந்த நேரத்தில், தன் மனசு வேறொன்றை வேண்டுவதை அவள் கண்டுகொண்டாள். துணி இருக்கட்டும். பாதி முயலோ, மஞ்சளோ, ஏதோ ஒரு கிழிசல் கையில் தட்டுப்படட்டும். இந்த மனிதர் செத்திருப்பார் என்பது நிஜமாக இருக்கட்டும். நான் பைத்தியம் இல்லை என்றாகட்டும். அப்படி வேண்டுகிற தன்னைக் கண்டு அவள் பயந்துபோனாள்.

அவளுக்கு என்ன கிடைத்தது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவள் வேண்டுதலை நிறைவேற்றியவனாவேன், அல்லது பொய்யாக்கியவனாவேன். இரண்டுக்கும் எனக்கு மனம் வரவில்லை. முடிவை உங்களிடம் விடுகிறேன். கையை வெளியே எடுங்கள். கொஞ்சம் மெதுவாக எடுங்கள். வார்ப்பு இரும்பின் விளிம்பு கூராக இருக்கும். எடுத்ததும் முதலில் அவள் கையைப் பார்க்காதீர்கள். ஆறுச்சாமி பக்கத்தில் நிற்கிறார். அவர் இன்னும் அவளை நம்பிக்கொண்டுதான் நிற்கிறார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்லுங்கள்.